போர்வைக்குள் சரிபார்த்த காற்று

துல்லியத் தராசைச் சோதிக்கும் அதிகாரி, தன் கையோ உடையோ மூச்சோ தட்டின்மேல் படாத தூரத்தில் நிற்க வேண்டும். எடையளவுத் துறையில் நான் சேர்ந்த முதல் வாரத்தில் எனக்குச் சொல்லிக்கொடுத்த விதி இது. முப்பத்து நான்கு வருடம் கொள்ளேகாலிலும் மண்டியாவிலும் மைசூரிலும் இந்த விதியை நான் காத்தேன் என்று சொல்வதைவிட, இதை வைத்து மற்றவர்களை வதைத்தேன் என்று சொல்வதுதான் நியாயம். சோதனைக்கு நடுவில் தும்மிய ஓர் இளநிலை ஆய்வாளரை முதலிலிருந்து மறுபடி செய்ய வைத்திருக்கிறேன். (அவருக்கு ஜலதோஷம். அன்று அவர் அதே தராசை நான்கு முறை சோதித்தார்.)

அப்படிப்பட்ட நான், ஓய்வு பெற்று எட்டு வருடம் கழித்து, இதே விதியை ஒரு பருத்திப் போர்வைக்குள் உட்கார்ந்து இருபது நிமிடம் இடைவிடாமல் மீறினேன். கையில் கைக்கடிகாரமும் டார்ச் விளக்கும் வைத்துக்கொண்டு, முழு மனதோடு மீறினேன்.

நான் அப்போது மைசூரில் எங்கள் அக்ரஹாரம் பகுதி மூத்தோர் மன்றத்தின் செயலாளர். கணவன் மனைவி இருவருமே உறுப்பினராகலாம் என்பது மன்றத்தின் விதி. என் மனைவி ருக்மணியும் உறுப்பினர், கடைசி வரிசையில் உட்காருவாள். ஒவ்வொரு மாதமும் கடைசி நாள் மாலை ஐந்து மணிக்குக் கூட்டம். மன்றத்தின் மாடி அரங்குக்கு ஏசி வந்த பிறகு, குளிர் வெளியே போகக் கூடாதென்று ஜன்னல்களையெல்லாம் அடைத்து, இடுக்குகளில் பிளாஸ்டிக் பட்டை ஒட்டிவிட்டார்கள். தலைவர் நஞ்சுண்டப்பா ஓய்வு பெற்ற கல்லூரி முதல்வர், இயற்பியல்காரர். கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பார். சில நாள் மாற்றியும் செய்வார்.

தசரா முடிந்த கையோடு நடந்த அக்டோபர் மாதக் கூட்டத்தில்தான் சங்கடம் ஆரம்பித்தது. முந்தைய கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை நான் வாசித்துக்கொண்டிருந்தேன். நான்காவது பொருள், குடிநீர் வடிகட்டி. "மேற்படி" என்று ஆரம்பித்தது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு என்னிடமிருந்து சொல் எதுவும் வரவில்லை. தலைவர் மரியாதைக்காகச் சற்று நேரம் காத்திருந்தாராம். மேற்படியைத் தேடுகிறேன் என்று நினைத்தாராம். பிறகு மைக்கின் வழியாக அரங்கம் முழுவதும் ஒரு குறட்டை ஒலித்ததாகச் சொல்கிறார்கள். அது என் குறட்டை என்பதற்கு நாற்பது சாட்சிகள் இருக்கிறார்கள்.

கூட்டம் கலைந்ததும் தலைவர் என் தோளில் கை வைத்தார்.

"வயசாய்த்து சார். தப்பேனில்லை. நீங்க ரெஸ்ட் தகொள்ளி."

வயதாகிவிட்டது, தவறில்லை, ஓய்வெடுங்கள் என்று அர்த்தம். அடுத்த கூட்டத்தில் எனக்குச் சால்வை போர்த்தி, பழத்தட்டு கொடுத்து, பாராட்டி அனுப்பிவைக்கும் யோசனை இருக்கிறது என்றும் சொன்னார். அரசுப் பணியில் இருந்தவர்களுக்குத் தெரியும், இந்த நாட்டில் ஒருவரைப் பதவியிலிருந்து இறக்குவதற்குச் சால்வையைவிடக் கூர்மையான ஆயுதம் கிடையாது. மேலேயே விழும், எடுக்கவும் முடியாது.

நான் ஒப்புக்கொள்ளவில்லை. தூங்கியது உண்மை, காரணம் வயது அல்ல, காற்று என்று வாதித்தேன். நாற்பது பேர் மூச்சு விடும் இடத்தில் ஒரு ஜன்னல்கூட இல்லையென்றால் கரியமில வாயு சேரும். சேர்ந்தால் எந்த வயதுக்காரருக்கும் கண் சொக்கும். இதை மூன்று பிரதிகளில் மனுவாக எழுதிக் கொடுத்தேன். செயலாளரும் நானே என்பதால் மனுவை வாங்கிக் கொண்டதற்கு ஒப்புகைக் கையெழுத்தும் நானே போட்டேன்.

தலைவர் நியாயமான மனிதர். "அளந்து காட்டுங்கோ சார்" என்றார். நவம்பர் கூட்டத்தில் கருவி கொண்டு வந்து அளக்க வேண்டும். காற்று கெட்டது என்று தெரிந்தால் ஜன்னல் திறக்கப்படும், நான் செயலாளராக நீடிப்பேன். காற்று நன்றாக இருந்தால் சால்வை. இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

வீட்டில் ருக்மணியிடம் சொன்னேன். அவள் கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, பேப்பர் படிக்கையில ஊட்டுலயும் அப்படித்தானுங்க தூங்கறீங்க. இங்க ஏசி இல்லீங்களே."

அந்தச் சாட்சியத்தை நான் பதிவு செய்யவில்லை.

கருவியைத் தேடி மண்டி மொஹல்லாப் பக்கம் ஒரு சந்தில் இருக்கும் எலக்ட்ரானிக்ஸ் கடைக்குப் போனேன். கடையை நடத்துபவர் மேரி, கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்த பெண், முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும். கட்டைவிரல் அளவுள்ள ஒரு பொன்னிறப் பெட்டியை எடுத்து வைத்தார். ஒரு முனையில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி விடும் குட்டி விளக்கு. மறு முனையில் அதை வாங்கிக்கொள்ளும் கண். நடுவில் நாம் அளக்க வேண்டிய காற்று. கரியமில வாயு அந்த ஒளியில் தனக்குப் பிடித்த ஒரு பகுதியை மட்டும் விழுங்கிவிடும். அனுப்பிய ஒளிக்கும் வந்து சேர்ந்த ஒளிக்கும் உள்ள வித்தியாசம்தான் வாயுவின் அளவு. எனக்கு உடனே புரிந்தது. மூட்டை இங்கே ஏற்றும்போது ஒரு எடை, அங்கே இறக்கும்போது ஒரு எடை என்றால், வழியில் யாரோ கை வைத்திருக்கிறார்கள். என் வாழ்நாள் முழுவதும் நான் பார்த்த வேலையைத்தான் அந்தப் பெட்டி பார்க்கிறது.

அதை ஒரு மைக்ரோகண்ட்ரோலர் போர்டில் இணைத்து, எண் காட்டும் சின்னத் திரையும், பச்சை மஞ்சள் சிவப்பு விளக்குகளும், ஒரு பஸரும் மேரியே பொருத்திக் கொடுத்தார். திறந்த வெளியில் பத்து லட்சத்துக்கு நானூறு பங்கும் கொஞ்சமும் காட்டும். ஆயிரத்தைத் தாண்டினால் அறை புழுக்கம். அதற்கு மேலே ஏறினால் சிவப்பு எரிந்து பஸர் கத்தும்.

"அவ்ளோதான் சார். ஃபேக்டரிலயே செட் பண்ணி வருது. நீங்க ஒண்ணும் பண்ணத் தேவையில்ல."

நான் ஒன்றும் பண்ணாத கருவியை நான் எப்படி நம்புவது? முத்திரை போடாத தராசு தராசே அல்ல. சரிபார்ப்பது எப்படி என்று கேட்டேன். மேரி பெருமூச்சு விட்டு விளக்கினார். வெளியே நல்ல காற்றில் இருபது நிமிடம் வைக்க வேண்டும். பிறகு ஒரு பொத்தானைப் பத்து விநாடி அழுத்தினால், அந்த நேரத்துக் காற்றை அது நானூறு என்று வைத்துக்கொள்ளும்.

"ஆனா வெச்சிட்டு நீங்க தள்ளி வந்துடணும் சார்" என்றார். நான் குறிப்பேட்டில் "நல்ல காற்று, 20 நிமிடம், பொத்தான்" என்று எழுதினேன். தள்ளி வருவதை எழுதவில்லை. சோதனையின்போது அதிகாரி கருவியை விட்டு அகலக் கூடாது என்பது எங்கள் துறையில் அரிச்சுவடி. அகன்ற அதிகாரிகளின் கதி என்ன ஆனது என்று எனக்குத் தெரியும்.

இன்னொன்றும் சொன்னார். கருவி தானாகவே ஒரு வாரத்தில் தான் பார்த்த மிகக் குறைந்த அளவை எடுத்துக்கொண்டு தன்னைத் திருத்திக்கொள்ளுமாம். நான் திடுக்கிட்டேன். தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் தராசை வைத்திருந்ததற்காக ஒரு வெல்ல மண்டிக்காரர்மேல் வழக்குப் போட்டவன் நான். அந்த ஏற்பாட்டை உடனே நிறுத்தச் சொன்னேன். "அது இருந்தா நல்லது சார், தப்பா செட் பண்ணாக்கூட மெல்ல சரியாகிடும்" என்றார் மேரி. தப்பாகச் செய்பவர்களுக்கு அது தேவைப்படலாம் என்று நான் பதில் சொன்னேன். (இந்த வாக்கியத்தை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது.)

மறுநாள் காலை கருவியோடு மொட்டை மாடிக்குப் போனேன். நவம்பர் காற்று, கொடியில் துணிகள் படபடத்தன. திரையில் எண் 412, 425, 418 என்று ஆடிக்கொண்டிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. முள் ஆடும் தராசை யாராவது சரிபார்ப்பார்களா? துல்லியத் தராசைக் கண்ணாடிக் கூண்டுக்குள் வைப்பதே காற்று அடிக்கக் கூடாது என்பதற்காகத்தான். மாடியில் கண்ணாடிக் கூண்டு இல்லை. கொடியில் ருக்மணியின் பெரிய பருத்திப் போர்வை காய்ந்துகொண்டிருந்தது.

இங்கே வாசகர் கவனிக்க வேண்டும். காற்றை அளக்கும் கருவியைக் காற்றிலிருந்து காப்பாற்ற முடிவு செய்தேன்.

ஸ்டூலின்மேல் கருவியை வைத்து, எதிரில் சம்மணமிட்டு உட்கார்ந்து, எங்கள் இருவர்மேலும் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். எண்ணைப் படிக்க டார்ச். நேரத்துக்குக் கைக்கடிகாரம். என் மூக்குக்கும் பெட்டிக்கும் ஒரு சாண் இருக்கும். எண் ஏறிக்கொண்டே போனது. போர்டு சூடேறுகிறது, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். ஆயிரத்து எண்ணூறைத் தாண்டி ஒரு நிலைக்கு வந்து ஆடாமல் நின்றது. ஆட்டம் நின்றுவிட்டதே என்று எனக்கு அவ்வளவு திருப்தி. சற்றுத் தலை கிறங்கியது. அதைத் தொழில் பெருமிதம் என்று எடுத்துக்கொண்டேன்.

துணி எடுக்க வந்த ருக்மணியின் குரல் வெளியிலிருந்து கேட்டது.

"ஏனுங்க, சளியாங்க? ஆவி புடிக்கிறீங்களா? சொல்லியிருந்தா நொச்சி போட்டுத் தண்ணி காய வெச்சுக் குடுத்திருப்பேனே."

"உத்தியோக வேலை நடக்குது. தொந்தரவு பண்ணாதே" என்று போர்வைக்குள்ளிருந்து சொன்னேன். இருபதாவது நிமிடம் பொத்தானை அழுத்தினேன். திரை 400 காட்டியது. கருவியின்மேல் தேதி எழுதி, இரண்டு பக்கமும் அரக்கு வைத்து முத்திரையிட்டேன்.

அடுத்த சில நாளும் எங்கள் வீட்டில் அடுப்பெரியும்போதுகூட அந்தக் கருவியில் பச்சை விளக்குதான் எரிந்தது. நம் வீட்டுக் காற்று சாமுண்டி மலைக் காற்றுக்குச் சமானம் என்று மருமகள் சௌம்யாவிடம் பெருமையடித்துக்கொண்டேன். திரையில் எண்ணையும் ஒரு முறை பார்ப்போம் என்று, அளப்பதையே பிழைப்பாக வைத்திருந்த எனக்குத் தோன்றவில்லை.

நவம்பர் கூட்டத்துக்கு வழக்கத்தைவிட அதிகமாக நாற்பத்தொரு பேர் வந்திருந்தார்கள். மேடை ஓரத்தில் ஒரு நாற்காலியில் சால்வையும் பழத்தட்டும் இருந்தன. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் கருவியை மேசையில் வைத்து, சிறு உரை ஒன்று ஆற்றினேன். இன்னும் அரை மணி நேரத்தில் இந்தக் கருவி அலறும், அதைக் கேட்டு யாரும் பயப்பட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

கால் மணி நேரம் ஆனது. பச்சை விளக்கு. எண் 310. அரை மணி நேரம் ஆனது. பச்சை. எண் 380. தலைவர் குனிந்து பார்த்தார்.

"மிஷின் ஏனு ஹேளுத்தே சார்?" கருவி என்ன சொல்கிறது என்று கேட்டார்.

"இப்போதுதானே மூச்சு விட ஆரம்பித்திருக்கிறார்கள்" என்றேன்.

பொருளாளர் ஓர் அறிக்கை வாசித்தார். ஏசி ரீங்காரமிட்டது. நான் பஸருக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு, கருவியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பச்சை விளக்கைத் தொடர்ந்து பார்ப்பது கண்ணுக்கு மிகவும் இதமானது.

கைதட்டல் சத்தத்தில் விழித்தேன். என் தோளில் சால்வை இருந்தது. மடியில் பழத்தட்டு. திரையில் எண் 460, விளக்கு பச்சை. தலைவர் மைக்கில் என் நீண்டகாலச் சேவையைப் பாராட்டி முடித்திருந்தார். நான் தூங்கும்போதே என்னை அனுப்பிவைத்துவிட்டார்கள். சாகும்போதாவது விழித்திருக்க வேண்டும் என்று அப்போது முடிவு செய்தேன்.

எழுந்து ஆட்சேபம் தெரிவிக்க வாயெடுத்தேன். அதற்குள் கடைசி வரிசையிலிருந்து ருக்மணி எழுந்து நின்றாள். மன்றத்தில் அவள் பேசி நான் கேட்டதே இல்லை.

"தலைவருங்க, நான் பின்னால உக்காந்துட்டு எண்ணிப் பாத்தேனுங்க. நாப்பத்தொரு பேர்ல பத்தொம்பது பேர் தூங்கறாங்க. என்ற வூட்டுக்காரரையும் சேத்தித்தானுங்க சொல்றேன். அஞ்சு மணிக்கு எல்லாரும் முழிச்சுத்தானே இருந்தாங்க? இதுக்கு எதுக்குங்க மிஷினு?"

தலைவர் அரங்கைப் பார்த்தார். துணைத் தலைவரின் தலை பக்கத்து நாற்காலிக்காரர் தோளில் இருந்தது; அந்தத் தோளுக்குரியவரும் தூங்கிக்கொண்டிருந்தார். கைதட்டியவர்கள் யார் யார் என்று எண்ணினால் பாதி அரங்கம்தான் தேறும். தலைவர் தாமே போய்ப் பிளாஸ்டிக் பட்டையைக் கிழித்து இரண்டு ஜன்னல்களைத் திறந்தார். வெளியே போன ஸ்கூட்டர் சத்தத்தோடு குளிர்ந்த காற்று உள்ளே வந்தது. தலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன.

அப்போதுதான் திரையில் எண் இறங்க ஆரம்பித்தது. 300. 150. 20. பிறகு எண்ணுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி வந்தது. தலைவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். உள்ளே இருந்த இயற்பியல்காரர் விழித்துக்கொண்டார்.

"மைனஸ் ஆகல்ல சார். இல்லாததுக்குக் கீழே எப்படிப் போகும்? நீங்க இத எங்க காலிப்ரேட் மாடிதீர்?" எங்கே வைத்துச் சரிபார்த்தீர்கள் என்று கேட்டார்.

"திறந்த வெளியில். மொட்டை மாடியில்" என்றேன்.

"மாடியிலதானுங்க" என்றாள் ருக்மணி. "போர்வையப் போத்திட்டு, அதுக்கு மூஞ்சியோட மூஞ்சி வெச்சு, இருபது நிமிசம். நான் ஆவி புடிக்கிறாருன்னு நெனச்சேனுங்க."

தலைவருக்கு இரண்டு விநாடி பிடித்தது. பிறகு அந்தக் கண்ணியமான மனிதர், கல்லூரி முதல்வராக இருந்தவர், மேசையைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். அவர் கன்னடத்தில் விளக்க, துணைத் தலைவர் அதைத் தமிழில் விளக்க, அரங்கம் இரண்டு மொழியிலும் சிரித்தது. என் மூச்சை நானூறு என்று அந்தப் பெட்டிக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். நாற்பத்தொரு பேரின் மூச்சு நிறைந்த அரங்கத்தைப் பார்த்து, அது "இது நம் ஐயா மூச்சு மாதிரிதானே இருக்கிறது" என்று பச்சை விளக்கு எரித்திருக்கிறது. தராசுத் தட்டில் கட்டைவிரலை வைத்த வியாபாரிகளை முப்பத்து நான்கு வருடம் பிடித்தவன், தட்டில் தானே ஏறி உட்கார்ந்திருக்கிறேன்.

அன்றே புதிய செயலாளர் தேர்வு நடந்தது. பெயரைத் தலைவர் முன்மொழிந்தார், போட்டி இல்லை. ருக்மணியின் முதல் உத்தரவு, கூட்ட நேரத்தில் ஜன்னல்கள் திறந்திருக்க வேண்டும். என் மனுவின் கோரிக்கையும் அதுதான் என்பதை நான் சுட்டிக்காட்டியது குறிப்பில் ஏறவில்லை. குறிப்பு எழுதியது அவள்.

வீடு திரும்பியதும் மேரிக்குப் போன் செய்து, கருவியில் குறை இருப்பதாகத் தெரிவித்தேன். நடந்ததைக் கேட்டார்.

"போர்வைக்குள்ளயா சார்?"

"காற்றுப் படக்கூடாது என்று."

"சார்," என்றார் மிகவும் மென்மையாக, "அது காத்தப் பாக்கறதுக்குத்தான் சார் இருக்கு."

வாய்மொழி விளக்கம் ஏற்றுக்கொள்ளத்தக்கதல்ல. பெட்டியைத் தயாரித்த நிறுவனத்துக்கே ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் புகார் அனுப்பினேன். செயலாளர் பொறுப்பை எழுத்து மூலம் இன்னும் ஒப்படைக்கவில்லை என்பதால் மன்றத்தின் கடிதத்தாளிலேயே எழுதினேன். மூன்று இணைப்புகள்: கூட்டத்தில் எடுத்த அளவுகள், முத்திரையிட்ட கருவியின் படம், ஸ்டூலுக்கும் மூக்குக்கும் உள்ள தூரத்தைக் குறித்த வரைபடம். போர்வையின் நீள அகலத்தையும் கொடுத்திருந்தேன். உண்மையை மறைப்பது என் பழக்கம் அல்ல.

டிசம்பர் போனது. சங்கராந்திக்கு எள்ளும் வெல்லமும் கொடுக்க வந்தவர்களெல்லாம் சளி எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். இடையில் மேரி வந்து அரக்கைச் சுரண்டியெடுத்து, கருவியை மாடியில் தனியாக வைத்துவிட்டு, என்னை மாடிப்படியின் கீழே நிறுத்தி, முறைப்படி சரிசெய்தார். இப்போது அது மன்றச் சுவரில் ஒழுங்காக எண் காட்டுகிறது. அருகே செயலாளர் கையால் எழுதிய அறிவிப்பு: "எட்ட நின்று பார்க்கவும்." இதில் யார் பெயரும் இல்லை. தேவையும் இல்லை.

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். பாலைக் காய்ச்சும்போது எட்டிப் பார்த்தால் சௌம்யா, "மாமா, கொஞ்சம் தள்ளி நின்னு பாருங்க, பால் தப்பா காட்டப் போகுது" என்கிறாள். டாக்டர் ரத்த அழுத்தம் பார்க்கும்போது, கூட வந்த ருக்மணி, "மூச்சு மேல படாமப் பாத்துக்கோங்க டாக்டருங்க" என்று சொல்லிவைக்கிறாள். வந்த விருந்தாளிக்கு எங்கள் வீட்டில் முதலில் தண்ணீர், அடுத்து காபி, மூன்றாவது இந்தக் கதை.

நிறுவனத்தின் பதில் ஒரு மாதாந்திரக் கூட்டத்தன்று மதியம் மன்றத்தின் முகவரிக்கு வந்தது. ஆகவே அதைப் பிரித்தது செயலாளர். தபால் பதிவேட்டில் ஏற்றி, எண் போட்டு, மாலையில் "வந்த கடிதங்கள்" என்ற பொருளின் கீழ் மைக்கில் வாசித்தாள். கருவியில் குறை ஏதும் இல்லை, சரிபார்க்கும்போது அருகே மனிதர் எவரும் இல்லாமல் பார்த்துக்கொள்ளவும், போர்வை தேவையில்லை. ஜன்னல்கள் திறந்திருந்தன. நாற்பது பேரில் ஒருவர்கூடத் தூங்கவில்லை. அதுவரை எந்தக் கடிதத்தையும் மன்றம் அவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை.

இந்தப் பதில் வந்த நாளை வருடாவருடம் கொண்டாட வேண்டும் என்று சௌம்யா வீட்டில் தீர்மானம் கொண்டுவந்தாள். ருக்மணி வழிமொழிந்தாள். எல்லோரும் வியக்கும்படி நான் எதிர்க்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை விதித்தேன்: ஆண்டுவிழாவை அதே தேதியில்தான் கொண்டாட வேண்டும், முந்தைய நாளுக்கோ அடுத்த நாளுக்கோ மாற்றக் கூடாது. எழுதி, இருவரிடமும் கையெழுத்தும் வாங்கினேன். அதன் பிறகுதான் அவர்களைப் பதிவேட்டைத் திறந்து பார்க்கச் சொன்னேன். பதில் வந்து சேர்ந்த தேதி, பிப்ரவரி 29.